ஒரே கனெக்‌ஷனில் இரண்டு ரீடர்: மார்ஸோடு 15 வருடம்

எஸ்க்யூஎல் சர்வர் என்ற மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸும், நிரல் எழுத டாட்நெட்டும் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இந்த எர்ரர் நன்றாகப் பழக்கமாகியிருக்கும். ஒரு டேட்டா ரீடர் (க்வெரியின் பதிலை வரிசை வரிசையாகப் படிப்பது) ஏற்கெனவே திறந்திருக்கிறது, முதலில் அதை மூடு என்று சொல்லும். தேடிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மருந்தைத்தான் எழுதிக் கொடுப்பார்கள்: கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் (டேட்டாபேஸோடு எப்படி இணைவது என்று சொல்லும் அமைப்பு வரி) மல்டிபிள் ஆக்டிவ் ரிசல்ட் செட்ஸ் என்பதை ட்ரூ என்று வைத்துவிடு. வைத்தால் எர்ரர் போய்விடும். அந்த வசதியின் சுருக்கப் பெயர்தான் மார்ஸ். எஸ்க்யூஎல் சர்வர் 2005-லும் டாட்நெட்டிலிருந்து டேட்டாபேஸைத் தொடும் பகுதியான ஏடிஓ டாட்நெட் 2.0-லும் சேர்ந்து வந்தது. தனிக் காசு கிடையாது, இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பிலும் வேலை செய்யும்.

நான் கோயம்புத்தூரில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் இருக்கிறேன். மோட்டார் பம்ப் உதிரி பாகம் விற்கிறவர்களுக்கு ஸ்டாக், பில்லிங், ஆர்டர் எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. இம்பெல்லர், ஷாஃப்ட், மெக்கானிக்கல் சீல், பேரிங் என்று ஒவ்வொரு பார்ட்டியிடமும் ஆயிரக்கணக்கில் ஐட்டம் இருக்கும். இந்த மார்ஸை ஏறக்குறைய 15 வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இதனால் தப்பித்தும் இருக்கிறேன், பட்டும் இருக்கிறேன். மதிப்பெண் கேட்டால் 5-க்கு 3 கொடுப்பேன். அந்த 3-ஐ எதற்குக் கொடுக்கிறேன், 2-ஐ எதற்குக் குறைக்கிறேன் என்பதை விவரமாகச் சொன்னால்தான் மற்றவர்களுக்குப் பயன்படும்.

முதலில் அந்த எர்ரர் ஏன் வருகிறது என்பது. செலக்ட் ஒன்றை, அதாவது தகவல் கேட்கும் க்வெரியை, அனுப்பினால் சர்வர் பதில் வரிசைகளைப் பாக்கெட் பாக்கெட்டாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். ரீடர் கேட்கக் கேட்கக் கொடுப்பதில்லை, அது பாட்டுக்கு அனுப்பும். நாம் மெதுவாகப் படித்தால் நடுவிலுள்ள பஃபர் நிரம்பி, சர்வர் அந்த இடத்தில் காத்து நிற்கும். சர்வரின் வெயிட் பட்டியலில் அசிங்க் நெட்வொர்க் ஐஓ என்று தெரிவது பெரும்பாலும் இதுதான். இப்படி ஒரு பதில் பாதி வழியில் நிற்கும்போது, அதே கனெக்‌ஷனில் இன்னொரு கேள்வியை அனுப்பினால் அதன் பதில் எப்படி வந்து சேரும்? முன்னால் நிற்கிற பதில் முழுதாக இறங்கினால்தான் வழி கிடைக்கும்.

எங்கள் ஊர் லாரி பார்சல் ஆபீசை நினைத்துக்கொண்டால் எனக்கு இது எளிதாகப் புரியும். மார்ஸ் இல்லாத கனெக்‌ஷன் ஒரே பார்ட்டியின் சரக்கை மட்டும் ஏற்றுகிற வண்டி. அது முழுக்க இறங்கும் வரை அடுத்த பார்ட்டியின் சரக்கை ஏற்ற முடியாது. மார்ஸ் போட்டால் ஒவ்வொரு பண்டலிலும் எல்ஆர் (லாரி ரசீது) நம்பர் ஒட்டி, பல பார்ட்டி சரக்கையும் ஒரே வண்டியில் கலந்து அனுப்புகிறார்கள். நெட்வொர்க்கில் நடப்பதும் ஏறக்குறைய அதேதான். எஸ்க்யூஎல் சர்வரோடு பேசும் முறையான டிடிஎஸ்ஸின் பாக்கெட்டுக்கு முன்னால் 16 பைட் கொண்ட ஒரு தலைப்பு சேரும். எந்த செஷனுடைய பாக்கெட், எத்தனையாவது, எதிர்ப்பக்கம் இன்னும் எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்பதெல்லாம் அதில் இருக்கும். எஸ்எம்பி என்று அந்த அடுக்குக்குப் பெயர். ஒரே கனெக்‌ஷனுக்குள் பல குட்டி செஷன்கள் ஓடுவது இப்படித்தான்.

நான் 2004-ல் விபி6-ல் (விஷுவல் பேசிக் 6) தொடங்கியவள். அப்போது இந்த எர்ரரையே பார்த்ததில்லை. பழைய ஏடிஓவில் ஒரு ரெக்கார்ட்செட் திறந்திருக்கும்போது அடுத்த க்வெரியை ஓட்டினால், அது நமக்குச் சொல்லாமலே பின்னால் இன்னொரு கனெக்‌ஷனைத் திறந்துவிடும். டிரான்சாக்‌ஷனுக்குள் (எல்லாம் சேர்ந்து பதிவாகும், இல்லையென்றால் எதுவும் ஆகாது என்ற ஏற்பாடு) இருந்தால் மட்டும், இந்த நிலையில் புது கனெக்‌ஷன் திறக்க முடியாது என்று நின்றுவிடும். டாட்நெட் வந்தபோது அந்த மறைமுக வேலையை எடுத்துவிட்டார்கள். அது சரியான முடிவு. ஆனால் விபியிலிருந்து வந்த எங்களுக்கு ஓடிக்கொண்டிருந்த கோட் திடீரென்று நின்றது போல இருந்தது.

இனி மார்ஸுக்கு அந்த 3 மதிப்பெண் வாங்கிக் கொடுத்த இடத்துக்கு வருகிறேன்.

பார்ட்டிகளிடம் ஒதுக்கீடு என்று ஒரு வேலை உண்டு. டீலர்கள் கொடுத்த பாக்கி ஆர்டர்களை முன்னால் வந்தது முன்னால் என்று வரிசையாக எடுத்து, குடோனில் இருக்கிற ஸ்டாக்கைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நாங்கள் முதலில் எழுதிய விதம் இது: ஒரு டிரான்சாக்‌ஷன் தொடங்கி, ஆர்டர்களை ‘ஒதுக்கீட்டில் இருக்கிறது’ என்று குறி வைத்துவிட்டு, பாக்கி லைன்களை ரீடரில் திறந்து ஒவ்வொன்றாகப் படிப்போம். ஒவ்வொரு லைனுக்கும் ஸ்டாக்கைப் பார்த்து, ஆர்டரையும் ஸ்டாக்கையும் அப்டேட் செய்வோம். ரீடர் திறந்திருக்கும்போது அப்டேட் ஓடாது, மேலே சொன்ன எர்ரர் வரும். சரி என்று அப்டேட்டுக்கு இரண்டாவது கனெக்‌ஷன் ஒன்றைத் திறந்தோம்.

முதல் நாள் சோதனையிலேயே அப்படியே நின்றுவிட்டது. எர்ரர் இல்லை, டெட்லாக் (ஒருவருக்காக ஒருவர் காத்து மாட்டிக்கொள்வது) செய்தி இல்லை. 30 நொடி கழித்து டைம்அவுட். திரும்ப ஓட்டினாலும் அதே 30 நொடி. அன்று இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்து ஆக்டிவிட்டி மானிட்டரில் பார்த்த பிறகுதான் விளங்கியது. முதல் கனெக்‌ஷன் குறி வைத்த ஆர்டர் வரிசைகளின் மேல் லாக், அதாவது வேறு யாரும் மாற்றாதபடி பூட்டு, வைத்திருக்கிறது. இரண்டாவது கனெக்‌ஷன் அதே வரிசையை அப்டேட் செய்ய வந்து அந்த லாக்குக்காக நிற்கிறது. முதல் கனெக்‌ஷனோ எங்கள் கோட் அடுத்த வரியைக் கேட்பதற்காக நிற்கிறது. எங்கள் கோட் இரண்டாவது கனெக்‌ஷனின் பதிலுக்காக நிற்கிறது. சுற்று முழுதாக மூடிவிட்டது, ஆனால் அதில் ஒரு கண்ணி சர்வருக்கு வெளியே எங்கள் நிரலில் இருக்கிறது. சர்வருக்குத் தெரிவது ஒருவன் லாக் வைத்திருக்கிறான், இன்னொருவன் காத்திருக்கிறான் என்பது மட்டுமே. அதை டெட்லாக் என்று அதனால் கண்டுபிடிக்க முடியாது. யாரையும் பலி கொடுத்து விடுவிக்கவும் முடியாது. கமாண்ட் டைம்அவுட்டின் இயல்பு அளவு 30 நொடி, அது வந்துதான் விடுவித்தது.

இந்த இடத்துக்கு மார்ஸ் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். ஒரே கனெக்‌ஷன், ஒரே டிரான்சாக்‌ஷன் என்பதால் ரீடரும் அப்டேட்டும் லாக் விஷயத்தில் ஒரே ஆள்தான், ஒன்றை ஒன்று தடுக்காது. கமிட் செய்தால் இரண்டும் சேர்ந்து நிரந்தரமாகப் பதிவாகும், ரோல்பேக் செய்தால் இரண்டும் சேர்ந்து திரும்பும். எனக்கு மிகவும் பிடித்த இன்னொரு விஷயமும் இருக்கிறது. செலக்ட் படித்துக்கொண்டிருக்கிற அதே டேபிளை நடுவில் அப்டேட் செய்தாலும், ஏற்கெனவே தொடங்கிவிட்ட அந்த செலக்ட்டுக்கு மாற்றம் தெரியாது. மாறிய வரிசைகளின் பழைய வடிவத்தை சர்வர் டெம்ப்டிபி என்ற தற்காலிக டேட்டாபேஸில் வைத்திருந்து ரீடருக்கு அதைக் காட்டுகிறது. ஒதுக்கியதாக மாற்றிய லைன் திரும்பவும் வந்துவிடுமோ, பாதியில் ஒன்று விட்டுப்போகுமோ என்று நாங்கள் பயந்தது தேவையில்லாமல் போயிற்று. கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் ஒரே ஒரு மாற்றம் செய்து, அப்டேட்டையும் முதல் கனெக்‌ஷனுக்கே திருப்பியதும், அன்று இரவே ஒதுக்கீடு முழுதாக ஓடி முடிந்தது. அந்த நன்றி எனக்கு இன்றும் இருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மார்ஸ் போட்டால் இரண்டு க்வெரி ஒரே நேரத்தில் ஓடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர்களிடம் கேட்டால் பாதிக்கு மேல் இப்படித்தான் சொல்கிறார்கள். ஓடாது. மாறி மாறித்தான் ஓடும். செலக்ட், ஃபெட்ச், பல்க் இன்சர்ட் போன்ற சிலவற்றுக்குத்தான் நடுவில் நின்று அடுத்தவருக்கு வழி விடத் தெரியும். இன்சர்ட், அப்டேட், டெலீட் தொடங்கினால் முடிந்த பிறகுதான் மற்றது நகரும். பெரிய அப்டேட் ஒன்றை நடுவில் விட்டால் திறந்திருக்கிற ரீடர் அது முடியும் வரை நிற்கும். அப்புறம், ஒரே கனெக்‌ஷனை இரண்டு த்ரெட்டிலிருந்து (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை) தொடுவதும் கூடாது. மார்ஸ் போட்டிருந்தாலும் கனெக்‌ஷன் த்ரெட் பாதுகாப்பு உள்ளதாக ஆகிவிடாது. நிஜமாகவே இணையாக ஓட வேண்டுமென்றால் இரண்டு கனெக்‌ஷன்தான் வழி. அதற்குத்தான், திறந்தவற்றைச் சேர்த்து வைத்துத் திரும்பக் கொடுக்கும் பூல் இருக்கிறது, இயல்பிலேயே 100 கனெக்‌ஷன் வரை வைத்துக்கொள்ளும்.

இதோடு குழப்பிக்கொள்கிற இன்னொரு எர்ரர் உண்டு. க்வெரியை நமக்காக எழுதித் தரும் டாட்நெட் நூலகமான என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோரில், முந்தைய வேலை முடிவதற்குள் இதே கான்டெக்ஸ்ட்டில் (டேட்டாபேஸோடு பேசும் அதன் பொருள்) இரண்டாவது வேலை தொடங்கப்பட்டது என்று ஒன்று வரும். பெரும்பாலும் எங்கோ ஒரு அவெய்ட் (முடியும் வரை காத்திரு என்று சொல்வது) விட்டுப்போயிருக்கும், அல்லது ஒரே கான்டெக்ஸ்ட்டை இரண்டு டாஸ்க்குக்குக் கொடுத்திருப்பார்கள். அதற்கும் மார்ஸைப் போட்டுப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பயனில்லை. அந்தச் சோதனை கான்டெக்ஸ்ட்டுக்குள்ளேயே நடக்கிறது, கனெக்‌ஷன் ஸ்ட்ரிங் அதைத் தொடாது.

குறைத்த 2 மதிப்பெண்ணில் முதலாவது, மார்ஸ் மறைத்து வைக்கிற விஷயத்துக்காக.

2012 வாக்கில் புதுத் திரைகளை என்டிட்டி ஃப்ரேம்வொர்க்கில் எழுதத் தொடங்கினோம். விஷுவல் ஸ்டுடியோவின் விசார்ட் டேட்டாபேஸிலிருந்து மாடல் செய்து தரும்போது கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் மார்ஸை அதுவாகவே ட்ரூ என்று எழுதிவிடும். நாங்கள் யாரும் அதைக் கவனித்து முடிவெடுக்கவில்லை. டீலர் பட்டியல் திரை ஒன்று எழுதினோம். டீலர்களை ஃபார் ஈச் லூப்பில் ஒவ்வொருவராகச் சுற்றி, ஒவ்வொருவரின் பாக்கித் தொகையையும் கடைசிப் பில் தேதியையும் காட்டும். அலுவலகத்தில் சட்டென்று வந்தது. அந்தப் பார்ட்டிக்கு வெளியூரில் ஒரு கிளைக் குடோன் இருந்தது. அங்கிருந்து இணையம் வழியாகத் திறந்தால் திரை வருவதற்குள் குடோன் மேனேஜர் போன் எடுத்து எங்களைக் கூப்பிட்டுவிடுவார்.

காரணம் லேசி லோடிங், அதாவது தொடர்புடைய தகவலைத் தொடும்போதுதான் கொண்டுவருவது. டீலர் ரீடர் திறந்திருக்க, ஒவ்வொரு டீலருக்கும் தனியாக ஒரு க்வெரி போய்க்கொண்டிருந்தது. கணக்கு எளிது: 400 டீலர், ஒரு போய்வரலுக்கு 20 மில்லி நொடி என்றால் 8 நொடி வழியிலேயே போய்விடும். ஒவ்வொருவருக்கும் இரண்டு க்வெரி என்றால் 16. அலுவலகத்துக்குள் ஒரு போய்வரல் ஒரு மில்லி நொடிக்கும் கீழே, அதனால் எங்களுக்குத் தெரியவே இல்லை. மார்ஸ் இல்லாமல் இருந்திருந்தால் எழுதிய அன்றைக்கே, முதல் டீலரிலேயே, ரீடர் திறந்திருக்கிறது என்று எர்ரர் வந்திருக்கும். ஃபார் ஈச்சுக்குள் நீ இன்னொரு க்வெரி அனுப்புகிறாய் என்று அது எங்களுக்குச் சொல்லியிருக்கும். அந்த வாயை மார்ஸ் அடைத்துவிட்டது.

எங்களோடு வேலை பார்க்கிற தம்பி ஒருவர்தான் பின்னாளில் இதை முறையாகத் தோண்டினார். ஒரு நாள் காலையில் வந்து, “அக்கா, என் மெஷின்ல மட்டும் மார்ஸை ஃபால்ஸ்னு மாத்திட்டு எல்லா ஸ்கிரீனையும் ஓட்டிப் பார்க்கட்டுங்களா?” என்று கேட்டார். சரி என்றேன். சாயங்காலம் தாளில் எழுதிக்கொண்டு வந்தார். 17 இடத்தில் வெடித்தது. அந்த 17-ல் ஒன்றில் மட்டும்தான் இரண்டு ரீடர் திறந்திருப்பதற்கு நியாயமான காரணம் இருந்தது, அது பழைய ஒதுக்கீடு. மற்ற 16-ம் ஃபார் ஈச்சுக்குள் க்வெரி. சிலவற்றை இன்க்ளூட் போட்டு ஒரே க்வெரியாக்கினோம். சிலவற்றில் தேவையான காலங்களை, அதாவது டேபிளின் நெடுவரிசைகளை, மட்டும் செலக்ட் செய்து டூலிஸ்ட் போட்டு முதலில் மெமரிக்குக் கொண்டு வந்தோம். ஒன்றிரண்டில் டூலிஸ்ட் மட்டும் போட்டால் எர்ரர் போய்விடும், வேகம் வராது என்பதையும் கற்றுக்கொண்டோம். எர்ரரைப் போக்குவதும் போய்வரலைக் குறைப்பதும் வேறு வேறு வேலை.

அன்று முதல் எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. எழுதுகிறவர்களின் மெஷினில் மார்ஸ் ஃபால்ஸ். புதுத் திரை அங்கே எர்ரர் இல்லாமல் ஓடினால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும். இதைப் படிக்கிறவர்களில் ஒருவராவது நாளைக்கு இதை மட்டும் செய்து பார்த்தால் எனக்குப் பெரிய சந்தோஷம். ஐந்து நிமிட வேலை, ஒரு வார்த்தை மாற்றம், கோட் எதையும் தொட வேண்டியதில்லை.

இரண்டாவது மதிப்பெண் போன இடம் எங்களுக்கு நிஜமாகவே வலித்தது.

எல்லா புரோகிராமுக்கும் ஒரே கனெக்‌ஷன் ஸ்ட்ரிங் என்று ஒழுங்கு செய்தோம். பூலில் ஸ்ட்ரிங் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் கனெக்‌ஷன் பகிரப்படும், அதனால் அது நல்ல எண்ணம்தான். புதிய திரைகளுடைய ஸ்ட்ரிங்கையே பழையவற்றுக்கும் வைத்தோம், மார்ஸோடு. பழைய பில்லிங் மாட்யூல் ஒன்று டிரான்சாக்‌ஷனை ஏடிஓ டாட்நெட்டின் முறையில் தொடங்காது. பிகின் டிரான் என்ற வார்த்தையை ஒரு கமாண்டாக அனுப்பும், பிறகு பில் தலைப்பு, பிறகு லைன்கள், கடைசியில் கமிட் என்று இன்னொரு கமாண்ட். மார்ஸ் இல்லாத கனெக்‌ஷனில் இது வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடியது.

மார்ஸ் போட்ட கனெக்‌ஷனில் விதி வேறு. ஒரு பேட்ச்சுக்குள் (ஒரே முறையில் சர்வருக்குப் போகும் கமாண்ட் தொகுதி) எஸ்க்யூஎல் சர்வரின் மொழியான டிஎஸ்க்யூஎல் மூலம் தொடங்கிய டிரான்சாக்‌ஷன் அந்த பேட்ச் முடிவதற்குள் முடிந்திருக்க வேண்டும். முடியாமல் திறந்தே இருந்தால் சர்வர் அதை ரோல்பேக் செய்துவிட்டு 3997 என்ற எர்ரரைக் கொடுக்கும். எங்கள் பிகின் டிரான் தனி பேட்ச். அது போன அந்த நொடியே ரோல்பேக். சர்வர் எர்ரர் கொடுத்தது, ஆனால் பழைய மாட்யூலில் அந்தக் கமாண்டைச் சுற்றி எர்ரரை விழுங்கிவிடுகிற கேட்ச் ஒன்று இருந்தது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு இன்சர்ட்டும் டிரான்சாக்‌ஷன் இல்லாமல் தனித்தனியாக கமிட் ஆகிக்கொண்டே போனது. கடைசிக் கமிட்டுக்கு, பொருந்தும் பிகின் இல்லை என்று 3902 வந்தது. அதையும் அதே கேட்ச் விழுங்கியது.

எல்லாம் நல்லபடியாகப் போகும் நாளில் இதில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஒரு மதியம் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் தாங்காமல், பில் போட்டுக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் நின்றது. பில் தலைப்பு மட்டும் பதிவானது, லைன்கள் இல்லை. அது தெரிந்ததே மாதக் கடைசியில் கணக்கு சரிபார்த்த அம்மா, “இந்தப் பில்லுல தொகை இருக்குதுங்க, சரக்கைக் காணோமே” என்று கேட்டபோதுதான். தேடினால் அந்த மாதிரி இன்னும் மூன்று பில் இருந்தது. நாங்களே உட்கார்ந்து டீலர்களிடமிருந்து பில் நகல் வாங்கித் திரும்பப் பதிந்தோம். தவறு எங்களுடையது, விழுங்குகிற கேட்ச் எழுதியதும் நாங்கள்தான். மார்ஸ் ஆவணத்தில் பேட்ச் அளவிலான டிரான்சாக்‌ஷன் பற்றித் தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஆனால் ஒரு வார்த்தை மாற்றம் டிரான்சாக்‌ஷனின் அர்த்தத்தையே மாற்றும் என்று அந்த வார்த்தையைப் பார்த்தால் யாருக்கும் தோன்றாது. ரிசல்ட் செட் பற்றிய வசதி என்றுதான் அதன் பெயர் சொல்கிறது. மதிப்பெண்ணைக் குறைத்தது இதற்காகத்தான். டிரான்சாக்‌ஷனை பிகின் டிரான்சாக்‌ஷன் மெத்தடில் தொடங்கினால் இந்தச் சிக்கல் வராது. பழைய கோட் வைத்திருக்கிறவர்கள் மார்ஸைப் போடுவதற்கு முன்னால் பிகின் டிரான் என்று ஒரு முறை தேடிப் பார்த்துவிடுங்கள்.

சேவ்பாயின்ட் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே ஜாக்கிரதை வேண்டும். என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர், நாம் ஏற்கெனவே டிரான்சாக்‌ஷன் தொடங்கியிருந்தால், சேவ் சேஞ்சஸ் செய்யும் முன் தானாக ஒரு சேவ்பாயின்ட் வைக்கும். நடுவில் எர்ரர் வந்தால் அதுவரை திரும்பும். கனெக்‌ஷனில் மார்ஸ் போட்டிருந்தால் அது சேவ்பாயின்ட் வைப்பதே இல்லை. இரண்டு ரீடர் நிஜமாகத் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை, மார்ஸ் போட்டிருந்தாலே போதும். லினக்ஸில் டாட்நெட் கோர் ஓட்டுகிறவர்களும் கவனிக்க வேண்டும். மார்ஸ் போட்டு ஒரே சமயத்தில் நிறைய க்வெரி போகும்போது டைம்அவுட் வருகிறது என்று பலர் பொதுவில் பதிவு செய்திருக்கிறார்கள். நாங்கள் விண்டோஸிலேயே இருப்பதால் அதில் எனக்குச் சொந்த அனுபவம் இல்லை.

எந்தக் கனெக்‌ஷனில் மார்ஸ் இருக்கிறது என்று தெரியாமல் குழம்பினால் சர்வரிலேயே பார்க்கலாம். சிஸ் டாட் டிஎம் எக்ஸெக் கனெக்‌ஷன்ஸ் என்ற வியூவில் நெட் டிரான்ஸ்போர்ட் என்று ஒரு காலம் இருக்கும். வழக்கமாக டிசிபி அல்லது ஷேர்டு மெமரி என்று இருக்கிற இடத்தில் செஷன் என்று இருந்தால் அது மார்ஸ் உள்ளே திறந்த குட்டி செஷன். அதன் தாய்க் கனெக்‌ஷன் எது என்பதும் அதே வியூவில் இன்னொரு காலத்தில் இருக்கும். எங்கள் பார்ட்டி ஒருவரிடம் வேறொருவர் எழுதிய மென்பொருளும் அதே சர்வரில் ஓடுகிறது. அது மார்ஸ் பயன்படுத்துகிறது என்று நாங்கள் கண்டுபிடித்தது இப்படித்தான்.

மார்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்கு ரீடரைப் பாதியில் மூடுவது பற்றி ஒரு சின்ன குறிப்பு. லட்சம் வரிசை தருகிற க்வெரியில் பத்து வரிசை படித்துவிட்டு ரீடரை க்ளோஸ் செய்தால், மூடுவதற்கு முன் மீதி எல்லாவற்றையும் அது படித்துத் தள்ளும். அதனால்தான் சில சமயம் க்ளோஸ் வரியிலேயே நிற்பது போல இருக்கும். க்ளோஸுக்கு முன்னால் கமாண்டை கேன்சல் செய்தால் சர்வருக்கு நிறுத்தச் சொல்லி சமிக்ஞை போகும், சீக்கிரம் மூடும்.

மற்ற டேட்டாபேஸ்களில் இதே விஷயம் எப்படி என்று கேட்பார்கள். ஆரக்கிளில் ஒரே கனெக்‌ஷனில் பல கர்சர் (ரீடர் போன்றது) திறந்திருப்பது ஆதியிலிருந்தே சாதாரணம். அங்கே பிரச்சினை எதிர்ப்பக்கம்: மூடாமல் விட்டுக்கொண்டே போனால் ஓஆர்ஏ 01000 வந்து நிற்கும். மைஎஸ்க்யூஎல்லில் பஃபர் செய்யாமல் படித்தால் நம்முடைய அதே கதைதான், எர்ரர் 2014, கமாண்டுகள் வரிசை தப்பிவிட்டன என்று சொல்லும். பிஹெச்பி எழுதுகிறவர்கள் ஃபெட்ச் ஆல் போட்டுத் தாண்டுகிறார்கள். போஸ்ட்கிரெஸ்ஸுக்கு டாட்நெட்டில் என்பிஜிஎஸ்க்யூஎல் டிரைவர், அதில் மார்ஸ் என்ற வார்த்தையே கிடையாது, ஏற்கெனவே ஒரு கமாண்ட் நடக்கிறது என்று நிறுத்திவிடும். இரண்டு வருடம் முன்பு ஒரு பார்ட்டிக்காகப் போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மாறியபோது எங்களுக்கு அதிகச் சிரமம் இல்லாமல் போனதற்குக் காரணம், தம்பி அந்த 16 இடத்தையும் முன்பே சரி செய்து வைத்திருந்ததுதான்.

இன்றைய நிலைமை இது. எங்கள் மென்பொருளில் இப்போது இரண்டு கனெக்‌ஷன் ஸ்ட்ரிங். பொதுவானதில் மார்ஸ் இல்லை. ஒதுக்கீட்டுக்கு மட்டும் தனி ஸ்ட்ரிங், அதில் உண்டு. தம்பி இப்போது அந்த ஒதுக்கீட்டையும் ரீடரே இல்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறார். எஸ்க்யூஎல் சர்வர் 2012-லிருந்து சம் ஓவரில் ஆர்டர் பை போட்டு ஓடும் கூட்டுத்தொகை எடுக்க முடியும். ஒரு ஐட்டத்துக்கு இதுவரை எவ்வளவு கேட்டிருக்கிறார்கள் என்பதை வரிசைக்கு வரிசை அதில் கண்டுபிடித்து, கையிருப்போடு ஒப்பிட்டு, ஒரே அப்டேட்டில் எல்லா லைனையும் ஒதுக்கிவிடலாம். போன வாரம் காட்டினார், சாதாரண ஆர்டர்களுக்கு விடை பழையதோடு அப்படியே ஒத்துப்போனது. ஜோடியாக மட்டுமே அனுப்ப வேண்டிய இம்பெல்லரும் கேசிங்கும் வருகிற ஆர்டர்களில் இன்னும் இரண்டு இடத்தில் மாறுகிறது. திங்கட்கிழமை திரும்பவும் உட்காருகிறோம்.